பதினான்கு வயதுத் தம்பி வானத்தில் வரிசையாக விளக்குகள் போனதைப் பார்த்ததாகச் சொல்கிறான். வீட்டில் யாரும் நம்பவில்லை. நான் நம்பலாமா?

தாராளமாக நம்பலாம். உங்கள் வீட்டில் நடந்தது எனக்குப் பார்க்காமலே தெரியும். சாப்பிடும்போது சொல்லியிருப்பான், "ஏரோப்ளேனா இருக்கும், சாப்பிடுடா" என்று யாரோ அடக்கியிருப்பார்கள்.

இருட்டிய கையோடு அல்லது விடிவதற்கு முன் பார்த்திருந்தால், பெரும்பாலும் அது ஸ்டார்லிங்க், அதாவது இணைய வசதிக்காக ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனி அனுப்பும் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் ஒரே ராக்கெட்டில் 60 அனுப்பினார்கள், அதிலிருந்து விடாமல் அனுப்புகிறார்கள். ஏவிய சில நாள்களுக்கு ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கீழே இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் வெயில் இருக்கும், அதனால்தான் தெரிகிறது.

என் கதை வேறு. தஞ்சாவூர் மாவட்டம் மதுக்கூர் பக்கம் எங்கள் ஊர். 2018 செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. அப்போது பிளஸ் டூ. மும்முனை கரண்ட் ராத்திரியில்தான் வரும் என்பதால் மோட்டார் போட என்னைத்தான் அனுப்புவார்கள். பத்து மணி தாண்டியிருந்தது. வடக்கே, கொஞ்சம் கிழக்குத் தள்ளி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி எழும்பியது. சத்தமே இல்லை. கடல் பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டே இருந்தது, நடுவில் மங்கி, திரும்பவும் பிரகாசமாகி, அப்புறம் சிறுத்து மறைந்துவிட்டது.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். "கொள்ளிவாய்ப் பிசாசு, இனிமே புள்ளைய தனியா அனுப்பாதீங்க" என்றது அப்பாயி. மோட்டார் போட்டாயா இல்லையா என்பதுதான் அப்பாவின் கேள்வி. பேப்பரில் செய்தி வந்தது: இரவு 10.08க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-42 ராக்கெட், இரண்டு பிரிட்டிஷ் செயற்கைக்கோள்களுடன். கொண்டுபோய்க் காட்டினேன். "ஸ்ரீஹரிகோட்டா எங்க இருக்கு, மதுக்கூர் எங்க இருக்கு?" என்று சித்தப்பா சிரித்தார்.

350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பது தெரியுமா என்று இங்கேயும் சிலர் கேட்பீர்கள். ராக்கெட் தரையிலா நிற்கிறது? முதல் கட்டம் எரிந்து முடிய இரண்டு நிமிடம்கூட ஆகாது, அதற்குள் பல பத்து கிலோமீட்டர் உயரம் போய்விடும். நடுவில் மங்கியது, அந்தக் கட்டம் கழன்று இரண்டாவது பற்றிய நேரம். பறக்கும் தட்டு என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. அப்பாயியையும் குறை சொல்லவில்லை, அவர் காலத்து இருட்டு வேறு.

இதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்தில் கஜா புயல். நிவாரணக் கணக்கெடுக்க வந்தவர் வேரோடு சாய்ந்த தென்னையை மட்டும்தான் எழுதினார். குருத்து முறிந்து நின்ற மரங்கள் அவர் கணக்கில் நல்ல மரங்கள். அத்தனையும் பிறகு பட்டுப்போயின. "தோப்புக்குள்ள வந்து உங்க கண்ணால பார்த்துட்டு எழுதுங்க சார்" என்று அவரிடம் கெஞ்சியது அதே சித்தப்பா. அவர் ரோட்டை விட்டு இறங்கவில்லை.

சரி, தம்பி விஷயம். எத்தனை மணி, எந்தத் திசை, எவ்வளவு நேரம் தெரிந்தது என்று மறப்பதற்குள் அவனை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தேதியில் எது உங்கள் தலைக்கு மேல் போனது என்று இணையத்தில் தேடிப் பார்க்கலாம். சிவப்பும் பச்சையுமாக விட்டுவிட்டு மின்னியதாகச் சொன்னால் மட்டும், உங்கள் வீட்டார் சொன்ன ஏரோப்ளேன் சரி.