நேர்காணலுக்கு முன்பே நிராகரிப்பு: மீண்டும் ஜிமேட் எழுத வேண்டுமா?

வணக்கம். மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டில் 705 பெற்றும் மூன்று மேலாண்மைக் கல்லூரிகள் நேர்காணலுக்கே அழைக்கவில்லை, மீண்டும் தேர்வு எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அதிகபட்சமான 805-க்கு அது வலுவான மதிப்பெண், 5 ஆண்டுகள் செல்லும். நேர்காணலுக்குப் பின் மறுத்திருந்தால் பேசிய விதத்தைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன்பே மறுத்திருப்பதால், கட்டுரைகளும் பரிந்துரைக் கடிதங்களும் உங்களை எடுத்துச்சொல்லத் தவறியிருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. "தலைமைப் பொறுப்புக்கு வர விரும்புகிறேன்" என்று நீங்கள் எழுதிய இலக்கு எவருக்கும் பொருந்தும். எந்தத் துறையில், எந்தப் பணிக்கு, இன்று உங்களிடம் இல்லாத எந்தத் திறனுக்காக இந்தப் படிப்பு என்பதை எழுதுங்கள். பரிந்துரையை உங்கள் வேலையை நேரில் கண்ட மேலாளரிடமே கேளுங்கள். மறுவிண்ணப்பத்தில் பல கல்லூரிகள் சென்ற முறைக்குப் பின் என்ன மாறியது என்று தனியே கேட்பதால், சொல்வதற்கு ஒரு புதிய பொறுப்பாவது கைக்கு வரும்வரை பொறுத்திருங்கள்.