யூரின் டியூபில் கிருமி ஏறுவது எப்படி?

கேள்வி: புராஸ்டேட் வீக்கத்தால் என் அப்பாவுக்கு (வயது 74) நான்கு மாதமாக யூரின் டியூப் இருக்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறை அடைத்துக்கொள்கிறது, அமோனியா நெடி அடிக்கிறது. கல்ச்சரில் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) ‘புரோட்டியஸ்’ என்று வந்தது. இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தும் போகவில்லை. சுத்தமாகத்தானே வைத்திருக்கிறோம்?

பதில்: உங்கள் கவனிப்பில் குறை என்று வருந்தாதீர்கள். இந்தக் கிருமி பெரும்பாலும் அவருடைய குடலிலிருந்தே வருகிறது.

லேபில் கிருமி வளர்க்கும் தட்டின் நடுவே புரோட்டியஸ் ஒரு சொட்டு வைத்தால், மறுநாள் காலையில் குளத்தில் கல்லெறிந்ததுபோல் வளையம் வளையமாகத் தட்டு முழுக்கப் பரவியிருக்கும். திடமான பரப்பில் பட்டதும் அது உருமாறுகிறது. ஓரிரு மைக்ரான் நீளமே உள்ள கிருமி, பிரியாமல் இருபது மடங்குக்கும் மேல் நீள்கிறது. அதன் உடம்பெங்கும் ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள் முளைக்கின்றன. பிறகு பக்கத்தில் பக்கம் ஒட்டி, கூட்டமாக நகர்கிறது. கொஞ்சம் நகரும், நின்று பெருகும், மீண்டும் நகரும். அந்த வளையங்கள் அப்படி வந்தவை. நினைத்தபடி உருவம் மாறும் கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயரை 1885-இல் ஜெர்மன் மருத்துவர் ஹவுசர் இதற்கு வைத்தார். டியூபின் மேலும் இப்படித்தான் ஏறுகிறது.

யூரியாவை உடைத்து இது அமோனியா ஆக்குவதால் சிறுநீர் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிர்) அடைந்து, உப்புகள் படிகின்றன. கழற்றிய டியூபின் நுனியை விரலால் தடவிப் பாருங்கள், போர் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடிபோலக் கரகரக்கும். அந்தப் படிவுக்குள் இருக்கும் கிருமியிடம் மருந்து சரியாகப் போய்ச் சேராது. அதனால் ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால், முதலில் டியூபை மாற்றி, புது டியூபிலிருந்து சாம்பிள் எடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சலோ வலியோ இல்லாமல், கல்ச்சர் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பத்தாம் நாள் அடைக்கிறது என்றால் ஏழாம் நாளே மாற்றிவிடலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக் கூடாது. டியூபும் பையும் சேரும் இணைப்பை அடிக்கடி திறக்காதீர்கள். இதயம், சிறுநீரகத்தில் பிரச்சினை இல்லையென்றால் நிறையத் தண்ணீர் கொடுங்கள்.

சிறுநீர்ப்பையில் கல் இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் கட்டாயம் வேண்டும். கல் இருந்தால் கிருமி அதற்குள்ளேயே குடியிருக்கும். அதோடு, மாத்திரையோ அறுவை சிகிச்சையோ செய்து டியூபையே எடுக்க முடியுமா என்று யூராலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். டியூப் உள்ளே இருக்கும்வரை கிருமிக்கு வழி இருந்துகொண்டே இருக்கும்.

சிறுநீர் நின்று அடிவயிறு உப்பினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, அப்பா பேச்சில் தடுமாறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த இரவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.