பேயை அடித்துவிட்டுச் சிரிக்கிறார்கள் என்றால்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை ஆடும் உங்கள் திகில் ஆட்டத்தில் (கதை நடப்பது காசிமேடு ஐஸ் ஃபேக்டரியில்), நண்பர்கள் பகடையை உருட்டிப் பேயை அடித்துவிட்டுச் சிரிக்கிறார்கள், பயமே வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பேய்க்கு உயிர்ப்புள்ளி, அதாவது அடிபட அடிபடக் குறையும் உயிர்க் கணக்கு, கொடுத்ததுதான் சிக்கல். எண் இருந்தால் அடித்தே தீர்த்துவிடலாம் என்று தோன்றிவிடும். அதை எடுத்துவிடுங்கள்.

'டிரெட்' (Dread) என்ற திகில் கதை ஆட்டத்தில் பகடையே கிடையாது. ஆபத்தான செயல் ஒவ்வொன்றுக்கும் மரக்கட்டைகளை அடுக்கிய ஜெங்கா கோபுரத்திலிருந்து, அது சரியாமல், ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரத்தைச் சரித்தவரின் பாத்திரம் கதையை விட்டே போய்விடும். ராயபுரத்தில் எங்கள் வீட்டில் ஆடியபோது ஃபேனைக்கூட நிறுத்திவிட்டோம். கட்டையைத் தொட்டவனின் விரல் நிஜமாகவே நடுங்கியது. பயம் கைக்கு வந்துவிட்டால் வர்ணனை கொஞ்சம் போதும்.

ஜெங்கா இல்லையா? சரி, மேசையில் பத்துத் தீக்குச்சி வையுங்கள். கதையில் வெளிச்சம் வேண்டும்போதெல்லாம் ஒன்றை ஒடிக்கட்டும். எத்தனை மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரியட்டும், தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கடைசி மூன்று குச்சிக்கு அவர்கள் போடும் சண்டையைப் பாருங்கள்!

அப்புறம், கடலில் ஆளை இழந்த வீடுகள் நம் பக்கம் உண்டு. மூழ்கும் காட்சி வரலாமா என்று ஆட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுவிடுங்கள்.