பக்கத்தில் ஒரு நாற்காலி

அன்புள்ள ஐயா,

வணக்கம். பள்ளியின் கடைசி வருடத்தில் இருக்கும் பதினோரு பிள்ளைகளுக்கு நானும் என் தோழியும் மாலை நேரங்களில் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள்தான், இதைப் பணத்துக்காகச் செய்யவில்லை. இந்த வருடம் பாடத்தோடு நிறுத்தாமல், அடுத்து என்ன படிப்பது, எந்த வேலைக்குப் போவது என்பதிலும் உதவலாம் என்று இறங்கினோம். மூன்று பேரை அழைத்துவந்து பேசவைத்தோம். நாற்பது பக்கத்தில் கோர்ஸ் பட்டியல் தயாரித்துக் கொடுத்தோம். வாட்ஸ்அப் குழுவில் கடைசித் தேதிகளைத் தினமும் போடுகிறேன். ஆனால் "என்ன யோசிச்சிருக்கீங்க?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். "நீங்களே சொல்லுங்கக்கா, அதுலயே சேர்ந்துடறேன்" என்கிறாள் ஒருத்தி. போன வாரம் இன்னொரு பெண் அவள் ஆசைப்பட்ட கல்லூரிக்கு விண்ணப்பிக்காமலே கடைசித் தேதியைத் தவறவிட்டாள். மூன்று முறை நினைவூட்டியிருந்தேன். ஏன் என்று கேட்டால் அழுகிறாள், காரணம் சொல்ல மறுக்கிறாள். இந்தப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லையா, எங்களுக்குத்தான் உதவத் தெரியவில்லையா? பேசாமல் நானே தேர்ந்தெடுத்துச் சொல்லிவிடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

அக்கறை இல்லாத பெண் அழமாட்டாள். முதலில் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடுங்கள்.

நீங்கள் இதுவரை செய்தது எதுவும் தப்பில்லை. ஆனால் எல்லாமே சொல்கிற வேலை. வந்தவர்கள் மேடையில் சொன்னார்கள், பட்டியல் காகிதத்தில் சொன்னது, வாட்ஸ்அப் தினமும் சொல்கிறது. கூட உட்கார்ந்து செய்கிற வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. என் அனுபவத்தில் பள்ளிக் கடைசி வருடப் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அந்த இரண்டாவதுதான்.

அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்கு அரசு நிதியுதவி வேண்டுமென்றால் ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும், முன்பு அது மிக நீளமாக இருந்தது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வந்த குடும்பங்களை வைத்து அங்கே பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2012-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு அந்த விண்ணப்பத்தை அங்கேயே, உட்கார்ந்த இடத்திலேயே நிரப்ப உதவினார்கள். இன்னொரு பிரிவினருக்கு எவ்வளவு பணம் கிடைக்கும் என்ற விவரத்தை மட்டும் கையில் கொடுத்து, நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். உதவி பெற்ற குடும்பங்களில் பள்ளிக் கடைசி வருடத்தில் இருந்த பிள்ளைகளை அடுத்த 3 ஆண்டுகள் கவனித்தபோது, அவர்களில் 36 சதவீதம் பேர் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து முடித்திருந்தார்கள். உதவி கிடைக்காதவர்களில் 28 சதவீதம்தான். விவரத்தை மட்டும் வாங்கிப்போனவர்களிடம் ஒரு மாற்றமும் இல்லை. அவர்களிடம் இல்லாமல் போனது தகவல் அல்ல, கூட உட்கார ஓர் ஆள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையனோடு உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பினேன். கெட்டிக்காரன். ஒரு மாதமாக "பண்ணிட்டிருக்கேன் சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். லேப்டாப்பைத் திறந்தபோதுதான் தெரிந்தது, முதல் பக்கத்தையே அவன் தாண்டவில்லை. பெயர் எழுதும் கட்டத்திலேயே நின்றிருந்தான். பிறப்புச் சான்றிதழில் அவன் பெயரில் ஓர் எழுத்து கூடுதல், மார்க் சர்டிபிகேட்டில் அது இல்லை. எதைப் போட்டாலும் தப்பாகி, விண்ணப்பமே தள்ளுபடியாகிவிடுமோ என்று பயம். யாரிடமாவது கேட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்பார்களோ என்று இன்னொரு பயம். கல்லூரி அலுவலகத்துக்கு அவனையே போன் செய்யச் சொன்னேன். மூன்று முறை எண்ணைப் போட்டுவிட்டு மணி அடிக்கும் முன்பே கட் செய்தான். நான்காவது முறை எடுத்துவிட்டார்கள். "மார்க் சர்டிபிகேட்ல உள்ளபடியே போடுங்க தம்பி, சேரும்போது அதுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொண்டு வாங்க" என்றார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்காக ஒரு மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அடுத்த பக்கத்தில் "உங்களைப் பற்றி 200 சொற்களில் எழுதவும்" என்று இருந்தது. "எழுத ஒண்ணுமில்ல சார்" என்றான். வீட்டுக்குப் போனதும் என்ன செய்வாய் என்று கேட்டேன். பாட்டிக்கு மாத்திரை எடுத்துவைப்பானாம். காலையில் மூன்று, ராத்திரி இரண்டு. கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்து நிறம் மாறிவிட்டால் பாட்டி குழம்பிவிடுவார் என்பதால், பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு அட்டையிலும் ஒட்டிவைக்கிறான். இதையெல்லாம் எழுதலாமா என்று அவன் என்னைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தன்னிடம் சொல்ல எதுவுமில்லை என்று நம்பும் பிள்ளைகள் எத்தனையோ பேர். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்டால்தான் அது வெளியே வருகிறது.

ஆகவே பதினோரு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவதைக் கொஞ்சநாள் நிறுத்துங்கள். ஒரு மாலைக்கு ஒரு பிள்ளை, ஒரு வேலை போதும். இன்று சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பரப்பிவைத்து, பெயரும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. இன்னொரு நாள், ஒழுங்கான பெயரில் ஒரு மெயில் முகவரி தொடங்கி, பாஸ்வேர்டை நோட்டில் எழுதிவைப்பது. சின்ன வேலைகள்தான். ஆனால் அந்த மாலை முடியும்போது ஏதோ ஒன்று முடிந்திருக்க வேண்டும். நீங்கள் கீபோர்டைத் தொடாதீர்கள். அவர்களே தட்டட்டும், தப்பாகட்டும், அழித்து மறுபடி எழுதட்டும். தோழியும் இருக்கிறார் அல்லவா, இரண்டு பேருமாகச் செய்தால் பதினோரு பிள்ளைகளுக்கு ஒரு சுற்று ஒரே வாரத்தில் முடிந்துவிடும்.

வாட்ஸ்அப் நினைவூட்டல் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலேயே 8 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களுக்கு இப்படி நினைவூட்டல்கள் அனுப்பிப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2021-இல் வந்தது. கல்லூரியில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை அசையவே இல்லை. அதற்கு முன்பு சிறிய அளவில், பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கமான உள்ளூர் அமைப்புகள் வழியாக அனுப்பியபோது சில ஊர்களில் பலன் கிடைத்திருக்கிறது. அங்கே பதில் அனுப்பினால் ஓர் ஆலோசகர் திரும்பிப் பேசுவார். வித்தியாசம் அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். குழுவில் எல்லோருக்குமாகப் போடும் செய்தி யாருக்குமான செய்தி இல்லை. ஒருத்திக்கு மட்டும் "நாளைக்கு ஆறு மணிக்கு வா, அந்த மூணாவது பக்கத்தை முடிச்சுடலாம்" என்று அனுப்பிப் பாருங்கள்.

நானே தேர்ந்தெடுத்துச் சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்தப் பெண் கெஞ்சிக் கேட்டாலும் வேண்டாம்.

வேலை தேடும் இளைஞர்களுக்கு வழிகாட்டுவதைத் தனித் தொழிலாகவே ஆக்கியவர்களில் முன்னோடி ஃபிராங்க் பார்சன்ஸ். 1908-இல் பாஸ்டன் நகரத்தில் அதற்காக ஓர் அலுவலகம் திறந்தார், அதே வருடம் இறந்தும் போனார். என்ன தொழில் செய்வது என்று ஒருவருக்காக இன்னொருவர் முடிவெடுக்கக் கூடாது, முடிவுக்கு வரும் வழியில்தான் உதவ முடியும் என்பது அவர் கட்சி. தன்னைத் தெரிந்துகொள்வது, வேலையைத் தெரிந்துகொள்வது, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது என்று மூன்றாகப் பிரித்தார். நூறு வருடம் தாண்டியும் இந்தத் துறை பெரும்பாலும் அந்தத் தடத்திலேயே நடக்கிறது.

இந்த மூன்றில் நம் பிள்ளைகள் மிகவும் திண்டாடுவது இரண்டாவதில். அவர்களுக்கு வேலைகளின் பெயர் தெரியும். அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரியாது. நீங்கள் அழைத்துவந்த மூன்று பேரும் தாங்கள் ஜெயித்த கதையைச் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டு ஒரு பிள்ளை எதைத் தீர்மானிக்கும்? அடுத்தமுறை யாராவது வந்தால் பிள்ளைகளிடமே கேள்வியைக் கொடுங்கள்: "நேத்து வேலைக்குப் போனதும் முதல்ல என்ன செஞ்சீங்க? அதுக்கப்புறம்? எதைச் செய்யும்போது எப்படா முடியும்னு இருந்துச்சு?" நர்ஸாக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரு பெண்ணை இந்தக் கேள்விகளோடு ஒரு நர்ஸிடம் அனுப்பினேன். திரும்பி வந்து, "அவங்க எழுதிக்கிட்டே இருக்காங்க" என்றாள் ஆச்சரியத்தோடு. எந்த நேரத்தில் என்ன மருந்து, எவ்வளவு காய்ச்சல், அடுத்த ஷிப்டுக்கு வருகிறவரிடம் சொல்லவேண்டியது என்ன என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவள் நோட்டில் அடிக்கோடு போடுவதற்குக்கூட ஸ்கேல் வைப்பவள். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. வேறொரு பிள்ளைக்கு அதே தகவல் "இது எனக்கு வேண்டாம்" என்ற முடிவைக் கொடுத்திருக்கும். அதுவும் நல்ல முடிவுதான்.

ஆர்வத்தைக் கண்டுபிடிக்கும் தேர்வுகள் இணையத்தில் நிறைய கிடைக்கின்றன. பலவற்றுக்கும் அடிப்படை ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் வகுத்த ஆறு வகைகள்: கையால் செய்வது, ஆராய்வது, கலை, மனிதர்களுக்கு உதவுவது, முன்னின்று நடத்துவது, ஒழுங்குபடுத்துவது. செய்யவையுங்கள், ஆனால் வந்த விடையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "இதுல எது உனக்குச் சரியாப் படல?" என்று கேட்டால் நல்ல பேச்சு ஆரம்பிக்கும். அவ்வளவுதான் அதன் பயன்.

இன்னும் எதையும் தேர்ந்தெடுக்காத பிள்ளையை நோயாளி மாதிரி பார்க்கவும் வேண்டாம். ஜான் க்ரம்போல்ட்ஸ் என்ற உளவியலாளர் 1999-இல் தன் சகாக்களோடு எழுதிய ஒரு கட்டுரையில், பெரும்பாலானவர்களின் தொழில் வாழ்க்கையில் எதிர்பாராமல் நடந்தவைக்குப் பெரிய பங்கு உண்டு, அப்படி வருவதைப் பிடித்துக்கொள்ளப் பழக்குவதுதான் ஆலோசகரின் வேலை என்று வாதாடினார். பதினேழு வயதில் எடுக்கும் முடிவு மொத்த வாழ்க்கைக்கும் என்று சொல்லிப் பயமுறுத்துவதால்தான் அவர்கள் முடிவே எடுக்காமல் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். "முதல் அடி எது?" என்று மட்டும் கேளுங்கள். நாலைந்து வாரத்தில் அந்தப் பெண்ணும் "நீங்களே சொல்லுங்கக்கா" என்பதை விட்டுவிடுவாள்.

கல்லூரியில் சேர்வது வேறு, அங்கே தாக்குப்பிடிப்பது வேறு. பள்ளியில் திரும்பத் திரும்பப் படித்தே மார்க் வாங்கியவர்கள் கல்லூரியில் திணறுவார்கள். 2006-இல் வெளியான ஒரு சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவிருப்பதை மூன்று தடவை எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். உங்கள் மாலை வகுப்பிலேயே இதைப் பழக்கலாம். பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடச்சொல்லி ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள். அப்புறம், தெரியாத ஒரு பெரியவரிடம் போனிலும் மெயிலிலும் உதவி கேட்கும் பழக்கம். அதை ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகளிடம் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் சொல்வது போதாது. தங்குவது, சாப்பாடு, போய்வருவது, புத்தகம் எல்லாம் சேர்த்து ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்று ஒரே தாளில் அவர்கள் கையாலேயே எழுதவையுங்கள். கடன் வாங்குவதாக இருந்தால், எந்த மாதத்திலிருந்து திருப்பிக் கட்டவேண்டும், மாதம் எவ்வளவு என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். முடிந்தால் வீட்டுப் பெரியவர்கள் முன்னிலையில்.

இடம் கிடைத்தவுடன் உங்கள் வேலை முடிந்துவிட்டதாகவும் நினைக்காதீர்கள். சேர்கிறேன் என்று சொல்லிவிட்டு, விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும்போது சேராமலே போகிறவர்கள் அமெரிக்க ஆய்வுகளில் 10 முதல் 20 சதவீதம் வரை இருக்கிறார்கள். வசதி குறைந்த பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம். பள்ளி மூடியிருக்கும், கல்லூரி திறந்திருக்காது, கேட்க ஆள் இருக்காது. ஒரு மருத்துவச் சான்றிதழ், ஒரு விடுதி விண்ணப்பம், ஒரு முன்பணம் என்று சின்னச் சின்ன விஷயங்களில் கரைந்துபோகிறார்கள். அந்த இரண்டு மாதம்தான் நீங்கள் மிகவும் தேவைப்படும் நேரம்.

கடைசியாக, அழுத அந்தப் பெண்ணைப் பற்றி. அவளிடம் இனிமேல் "ஏன் அனுப்பல?" என்று கேட்காதீர்கள். அது குற்றம் சாட்டுவதாகவே காதில் விழும். "எந்த இடத்துல நின்னுச்சு?" என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச்சொல்லுங்கள். கட்டணம் கட்டும் இடமாக இருக்கலாம், அப்பாவின் கையெழுத்தாக இருக்கலாம், வெளியூர் போகக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கலாம், ஒரு போட்டோ ஏறாமல் இருந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்யவேண்டியது வேறு வேறு. தெரிந்ததும், கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்து தாமதமாக வரும் விண்ணப்பத்தை ஏற்பார்களா, இரண்டாவது சுற்று உண்டா என்று அவளையே கேட்கவையுங்கள். கேட்கவேண்டிய இரண்டு வரியை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். முதல் இரண்டு முறை கட் செய்தாலும் ஒன்றும் சொல்லாதீர்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்