கடலுக்கு இரு கரையிலும் பிரிந்து கிடக்கும் ஒரே சமூகத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்க எங்கே தொடங்குவது?

முதல் படம் எடுக்கப் போகிறவர் கேட்டிருக்கிறார். நான் நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்துக்கும் இலங்கையின் ஹட்டன் பக்கத்துக்கும் இடையே மூன்று வருடம் அலைந்து ஒரு படம் எடுத்தேன். எனக்குத் தெரிந்த கதை அதுதான் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஆளுக்கு முன்னால் சொல்லைக் கவனியுங்கள். 1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து போய் மலையகத்தில், அதாவது இலங்கையின் மலைநாட்டில், குடியேறிய தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அந்த மீதியையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தியா வந்தவர்களுக்கு அரசுக் காகிதங்களில் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். நான் பேசிய பலர் அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. லயத்தில், அதாவது தோட்டத்தின் வரிசை வீடுகளில், பிறந்து அங்கேயே வளர்ந்தவர்கள். திரும்பி வருவதற்கு அவர்கள் எங்கே புறப்பட்டுப் போனார்கள்? அங்கே ‘இந்தியாக்காரன்’ என்றார்கள், இங்கே வந்தால் ‘சிலோன்காரன்’ என்கிறார்கள். ‘தாயகம் திரும்பிய கதை’ என்று நானும் படத்துக்கு ஒரு துணைத்தலைப்பு வைத்திருந்தேன். முதல் வாரமே அடித்துவிட்டேன்.

அனுமதி விஷயத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் தோட்டம் அரசினுடையது அல்லது கம்பெனியினுடையது. குடியிருக்கும் வீடும் பெரும்பாலும் அப்படித்தான். உங்களிடம் பேசியதற்காக நாளை அவர்களுக்கு ஒரு சங்கடம் வரக் கூடாது. சுற்றுலா விசாவில் போய்ப் பெரிய கேமராவைத் தூக்காதீர்கள். முறையாக எழுதி வாங்குங்கள்.

அப்புறம் ஒரு சிக்கல் வரும், அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. எடிட்டிங்கில் உட்கார்ந்தால் எது கூடலூர், எது ஹட்டன் என்று எனக்கே தெரியவில்லை. அதே சரிவு, அதே பச்சை, அதே மழை. தமிழக அரசு 1968இல் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியதே வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். பின்னால் அது டேன்டீ என்கிற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. கைவேலை தெரிந்தவர்களைத் தெரிந்த செடியிடமே கொண்டுவந்து விட்டார்கள். (எல்லோருக்கும் தேயிலை கிடைக்கவில்லை. கர்நாடகத்தின் சுள்ளியா பக்கம் ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர்களும் உண்டு. அவர்களைப் பற்றித் தனியாக ஒரு படம் எடுக்க வேண்டும்.)

கண்ணுக்கு வித்தியாசம் தெரியாததால் காதை நம்பினேன். கூடலூரில் ரயிலே கிடையாது. ஆனால் அங்கே எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் வாயைத் திறந்தால் ‘கோச்சி’ என்கிறார். மலையகத்தில் ரயிலுக்கு அதுதான் பெயர். இந்தியா போகிறவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப் போன ரயிலை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே சொன்னார்கள். ஸ்டேஷனில் ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் ஒப்பாரி வைத்ததால் அந்தப் பெயர். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம், அங்கிருந்து எந்த ஊர் என்று சீட்டு. போரில் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015இல் மறுபடி துறைமுகம் வரை ஓடத் தொடங்கியது. அதில் ஏறி வெறும் சத்தத்தை மட்டும் பதிவு செய்தேன். படத்தின் முதல் நான்கு நிமிடம் அதுதான்.

என் கேள்விகளுக்கு மக்கள் சொன்ன பதில்களை விட, ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்பியதில்தான் படம் இருந்தது. ஆகவே நீங்கள் தபால்காரர் ஆகிவிடுங்கள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒரு கரையில் பதிவு செய்ததை மறுகரைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், பதிலை வாங்கி வாருங்கள்.

ஆனால் நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். பந்தலூர் அருகே ஒரு பாட்டி, ஹட்டன் பக்கம் தங்கிவிட்ட தம்பிக்குப் பத்து நிமிடம் பேசிக் கொடுத்தார். அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததால் கணவர் குடும்பத்தோடு இந்தியா. தம்பி அப்பாவோடு இலங்கை. கடிதம் நின்று இருபது வருடம். “பீலிக்கரையில நின்ன பலாமரம் இருக்கான்னு கேளு” என்றார். பீலி என்றால் தோட்டத்தில் தண்ணீர் விழும் இடம், துவைப்பது குளிப்பது எல்லாம் அங்கேதான். நான் முன்கூட்டி விசாரிக்காமல் போனேன். தம்பி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அவருடைய மகள் போனைக் கையில் வாங்கி அத்தை பேசியதை நின்றபடியே முழுவதும் கேட்டார். சாயத்தண்ணி, அதாவது பால் விடாத தேநீர், போட்டுக் கொடுத்தார், உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் வைத்தார். பிறகு எங்களை பீலிக்குக் கூட்டிப்போய் அங்கே நின்று பதில் பேசினார். பலாமரம் இருந்தது. தண்ணீர் சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்கவில்லை. ஊருக்கு வந்து இரண்டு நாள் உட்கார்ந்து அந்த இரைச்சலைக் குறைத்துச் சுத்தமான பதிவு ஒன்று தயார் செய்தேன்.

பாட்டியிடம் சாவுச் செய்தியை நான் சொல்லவில்லை. முதலில் அவர் மகனிடம் சொன்னேன், கேமரா பைக்குள் இருந்தது. மூன்று நாள் கழித்து பாட்டியே கூப்பிட்டனுப்பினார். அவசரத்தில் பழைய பதிவைத்தான் போட்டுவிட்டேன். போனைக் காதோடு வைத்துக்கொண்டார். மருமகள் பேசத் தொடங்குவதற்கு முன் எட்டு நொடி வெறும் தண்ணீர் விழும் சத்தம். பாட்டி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“பீலி” என்றார். “முதல்ல இருந்து போடுப்பா.”