அனுதின ஆறுதலும் விசுவாச நிச்சயமும்: கேள்விகளும் பதில்களும்

வேதபாட வகுப்பில் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருபவன் என்ற முறையில், அன்றாட வாழ்வில் ஊக்கமும் நிச்சயமும் பெறுவது குறித்து நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். நான் போதகர் அல்லன். சொப்பனத்துக்கு அர்த்தம் சொல்வதும் வரப்போவதைக் கணிப்பதும் என் பணியல்ல. வேதத்தில் என்ன எழுதியிருக்கிறது, அது யாருக்கு, எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்ற எல்லைக்குள் நின்றே பேசுவேன்.

கேள்வி (சிங்கப்பூரின் துவாஸ் தங்கும்விடுதியிலிருந்து ஒரு சகோதரர்): ஸ்தோத்திரம் ஐயா. டிசம்பர் 31 இரவு ஆராதனையில், வரும் ஆண்டுக்கென்று ஆளுக்கொரு வேத வசனமாகக் கூடையிலிருந்து எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் எனக்கு எரேமியா 29:11 இருந்தது. ஊரில் எல்லாரிடமும் சொல்லி மகிழ்ந்தேன். இப்போது என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டது. முகவருக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடனே இன்னும் தீரவில்லை. ஆண்டவர் கொடுத்த வாக்கு பொய்த்துவிட்டதா?

பதில்: தம்பி, வாக்கு பொய்க்கவில்லை. அட்டையில் இடமில்லாமல் விடப்பட்ட பகுதியை உங்களுக்கு ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை என்பதுதான் என் வருத்தம்.

எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சர், கொல்லர் போன்ற கைத்தொழிலாளரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோன பிறகு, அந்நிய மண்ணில் எப்போது ஊர் திரும்புவோம் என்று ஏங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு எழுதப்பட்டது அது. அதற்கு முந்தைய அதிகாரத்தைப் பாருங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி தேவாலயத்தில் எல்லா ஜனங்களுக்கும் முன்பாக பாபிலோனுக்கு அடங்கியிருப்பதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்து, இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அறிவிக்கிறான். கேட்பவர்களுக்கு இனிக்கும் செய்தி அது. ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று வேதம் வெளிப்படையாகவே சொல்கிறது. எரேமியாவின் கடிதமோ இதற்கு நேர்மாறாக, வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்று சொல்லி, பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று காலமும் குறிக்கிறது. அதற்குப் பின்புதான், 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்ற உங்கள் அட்டையின் வசனம் வருகிறது.

அப்படியானால் அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலேயே பாபிலோனில் இறந்திருப்பார்கள். அவர்களுக்கு இது என்ன ஆறுதல் என்று நீங்கள் கேட்கலாம். கர்த்தர் எருசலேம் ஆலயத்தோடு கட்டுண்டவர் அல்லர், தோற்றுப்போய்த் தொலைதூரத்தில் கிடக்கும் தங்களையும் அவர் தம் ஜனமாகவே எண்ணியிருக்கிறார், தங்கள் பிள்ளைகளின் காலம்வரைக்கும் அவருடைய நினைவு நீள்கிறது என்பதே அவர்களுக்குக் கிடைத்த ஆறுதல். வேலை அனுமதி புதுப்பிக்கப்படும் என்ற உறுதியை அந்த வசனம் உங்களுக்குத் தரவில்லை. துவாஸில் இருந்தாலும் ஊரில் இருந்தாலும் நீங்கள் அவருடைய நினைவிலிருந்து விழுந்துபோவதில்லை என்ற உறுதியை அது தருகிறது. நிறுவனத்தின் கடிதத்தால் இந்த உறுதியைத் தொட முடியாது.

இன்னொன்றும் செய்யுங்கள். இங்குள்ள முகவர் ஓர் ஊழியரிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் என்ற உச்சவரம்பைச் சட்டம் வைத்திருக்கிறது. அதற்குமேல் வாங்கியிருந்தால் ரசீதுகளோடு மனிதவள அமைச்சை அணுகுங்கள். ஜெபிப்பவர் முறையிடக் கூடாது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. பவுலே தம் ரோமக் குடியுரிமையைச் சொல்லி இராயனிடத்தில், அதாவது ரோமப் பேரரசனிடத்தில், மேல்முறையீடு செய்தார்.

கேள்வி (செங்காங்கிலிருந்து ஒரு தாயார்): மகன் இவ்வாண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதுகிறான். 'கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்' என்ற வசனத்தை எழுதி அவன் மேசையில் ஒட்டியிருக்கிறேன். தினமும் அதை விசுவாசத்தோடு வாய்விட்டுச் சொல்லி அறிக்கையிடச் சொல்கிறேன். சரிதானே?

பதில்: அம்மா, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது, ஆனாலும் அந்தத் தாளை எடுத்துவிடுங்கள் என்றே சொல்வேன். அந்த வசனம் வரும் உபாகமம் 28 இஸ்ரவேல் தேசத்தோடு செய்யப்பட்ட உடன்படிக்கையின் பகுதி. கீழ்ப்படிந்தால் வரும் ஆசீர்வாதங்கள் அதில் 14 வசனங்கள். கீழ்ப்படியாவிட்டால் வரும் சாபங்கள் 54 வசனங்கள். ஆசீர்வாதத்தை மட்டும் கத்தரித்து ஒட்டிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைத் தினமும் அறிக்கையிட்டுவிட்டு, எதிர்பார்த்த மதிப்பெண் வராமல் வீட்டுக்கு வந்தால், தேவன் தன்னை வாலாக்கிவிட்டார் என்றுதானே எண்ணுவான்? தேர்வு முடிவு எப்படி வந்தாலும் மாறாத ஒன்றை அவனுக்குக் கொடுங்கள். எதுவும் நம்மைத் தேவனுடைய அன்பிலிருந்து பிரிக்க முடியாது என்னும் ரோமர் 8:38, 39ஐ அவனோடு சேர்ந்து மனப்பாடம் செய்யுங்கள். இரவில் நேரத்தோடு தூங்கவையுங்கள்.

கேள்வி (இருவர், ஏறக்குறைய ஒரே சொற்களில்): இந்த ஆண்டு எனக்கென்று ஆண்டவர் வைத்திருக்கும் வாக்குத்தத்த வசனம் எது என்று ஜெபித்துச் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது, அது என் பணியல்ல. வேதம் முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது.

கேள்வி (வாட்ஸ்அப் செய்தி ஒன்றை அனுப்பியவர்): ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக, வேதத்தில் 365 முறை 'பயப்படாதே' என்று இருக்கிறதாமே?

பதில்: இல்லை. அதே பொருள் தரும் மற்றச் சொற்களையும் சேர்த்து எண்ணினாலும் அந்தத் தொகை வராது. இத்தகைய செய்திகளைச் சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள். ஒருநாள் ஒரு பிள்ளை எண்ணிப் பார்த்துவிட்டு, மற்றதும் இப்படித்தானோ என்று கேட்கும். எத்தனை முறை என்பதைவிட ஏன் என்பதைக் கவனியுங்கள். ஏசாயா 41:10 'நீ பயப்படாதே' என்றதோடு நிற்காமல், 'நான் உன்னுடனே இருக்கிறேன்' என்று காரணத்தையும் சொல்கிறது. அந்தக் காரணம் உண்மையாயிருந்தால் ஒருமுறை சொல்லப்பட்டதே போதும்.

கேள்வி (பிடோக்கிலிருந்து ஓர் இளைஞர்): வருடப்பிறப்பில் கூடையிலிருந்து அட்டை எடுப்பதற்கும், முன்பு சிராங்கூன் சாலையோரத்தில் கிளி சீட்டெடுத்ததற்கும் என்ன வேறுபாடு? இதைச் சபையில் கேட்டதற்கு என்னை விசுவாசமில்லாதவன் என்று சொல்லிவிட்டார்கள்.

பதில்: கேள்வி கேட்டதற்காக உங்களை அப்படிச் சொன்னது தவறு. அட்டையில் இருப்பது தேவ வசனம். அது பெரிய வேறுபாடு. ஆனால் எனக்கு இந்த ஆண்டு என்ன நடக்கும் என்று அறியும் நோக்கத்தோடு கை நீளுமானால், அந்தக் கையைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானதே.

மறுப்பு (ஈசூனிலிருந்து ஒரு சகோதரி): இந்த ஒப்புமை என் மனத்தை மிகவும் புண்படுத்தியது. என் தாயார் புற்றுநோயோடு போராடிய கடைசி ஆண்டில் அவருக்குக் கிடைத்தது ஏசாயா 46:4. தாங்குவேன், சுமப்பேன் என்ற அந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டேதான் உறங்குவார். அதைக் கிளி ஜோசியம் என்பீர்களா? அப்போஸ்தலரே யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப்போட்டுத்தானே தெரிந்துகொண்டார்கள்? சீட்டு மடியில் போடப்பட்டாலும் காரியசித்தி கர்த்தரால் வரும் என்று நீதிமொழிகள் 16:33 சொல்லவில்லையா?

பதில்: சகோதரி, உங்கள் தாயார் பற்றிக்கொண்டது மெய்யான வாக்கை. முதிர்வயதுவரை தம் ஜனத்தைச் சுமக்கிறவர் என்று கர்த்தர் தம்மைப்பற்றியே கூறும் இடம் அது. அட்டையில் வராமல், தற்செயலாக வாசிப்பில் வந்திருந்தாலும் அது அவருக்கு அப்படியே பொருந்தியிருக்கும்.

இந்த வாதம் நம் சபைகளில் தொடங்கியதன்று. கி.பி. 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில், 'எடுத்து வாசி' என்று ஒரு பிள்ளையின் குரல் கேட்க, அகஸ்டின் பவுலின் நிருபங்களைத் திறந்து கண்ணில் பட்ட ரோமர் 13ஆம் அதிகாரப் பகுதியால் மனம் திரும்பினார். அவரே பிற்காலத்தில், சுவிசேஷப் பக்கங்களில் சீட்டெடுப்பதுபோலக் குறி பார்க்கும் வழக்கத்தைப்பற்றி ஒரு கடிதத்தில் எழுதும்போது, பேய்களிடம் குறி கேட்கப் போவதைவிட இது மேல் என்றாலும், உலகக் காரியங்களுக்காக வேதத்தை இப்படிப் பயன்படுத்துவது தமக்குப் பிடிக்கவில்லை என்கிறார். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொரேவிய சகோதரர்கள் 1728இல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தை வீடுவீடாகச் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கி, 1731 முதல் அதை ஆண்டுதோறும் அச்சிட்டுவருகிறார்கள். அதிலும் பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டெடுத்தே தெரிந்தெடுக்கப்படுகிறது. ஆனால் அது சமுதாயம் முழுவதும் ஒரே நாளில் ஒரே வசனத்தைத் தியானிப்பதற்காக. தனி மனிதரின் எதிர்காலத்தை அறிவிப்பதற்காக அன்று.

மத்தியாவைப்பற்றி: அப்போஸ்தலர் முதலாம் அதிகாரத்தில் அந்தச் சீட்டுக்குப் பின், ஆவியானவர் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குப் பின், சபை சீட்டுப்போட்டுத் தெரிந்துகொண்டதாகப் புதிய ஏற்பாட்டில் வேறு நிகழ்ச்சியே இல்லை. அந்தியோகியாவில் பவுலும் பர்னபாவும் பிரித்தெடுக்கப்பட்டது ஆராதனையிலும் உபவாசத்திலும் ஆவியானவரின் ஏவுதலால்.

மீண்டும் (பிடோக்): அப்படியானால் இந்த வழக்கத்தை நிறுத்திவிட வேண்டியதுதானே? ஏன் தயங்குகிறீர்கள்?

பதில்: நிறுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆண்டு முழுவதும் வேதத்தைத் திறக்காத ஒருவருக்கு அந்த அட்டை ஒரு வாசலாகலாம். வாசலிலேயே நின்றுவிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். பிசாசும் இயேசுவுக்கு முன் ஒரு வாக்குத்தத்தத்தைத்தான் நீட்டினான்: சங்கீதம் 91இல் தூதர்கள் காப்பார்கள் என்ற வசனம். வசனம் மெய்யானதே, அதைத் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிப்பதற்குக் காரணமாக்கியதுதான் வஞ்சனை. ஆகவே அட்டை எடுப்பவர்கள் அன்றிரவே அந்த அதிகாரம் முழுவதையும் வாசிக்கட்டும். இந்த விவாதத்தில் என் பங்கை இத்துடன் முடித்துக்கொள்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (இரவுப்பணி செய்யும் ஒரு தாதி): முன்புபோல ஜெபத்தில் எதையும் உணர முடியவில்லை. பணி முடிந்து வந்தால் வேதத்தின்மீதே தூங்கிவிடுகிறேன். நான் இரட்சிக்கப்பட்டவள்தானா என்றே சந்தேகம் வருகிறது.

பதில்: மகளே, சந்தேகம் வந்ததாலேயே விசுவாசம் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 மே 24ஆம் நாள் மாலை லண்டனில் ஒரு கூட்டத்தில் இருந்தபோது, தம் இருதயம் விநோதமான அனல் கொண்டதையும், கிறிஸ்து தம் பாவங்களைச் சுமந்தார் என்ற நிச்சயம் பிறந்ததையும் நாட்குறிப்பில் எழுதினார். அதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அன்றிரவு வீடு திரும்பியதும் சோதனைகள் தம்மை அலைக்கழித்ததாக அவரே அதே குறிப்பில் எழுதியிருப்பதை யாரும் சொல்வதில்லை. அனல் வந்த நாளிலேயே அலைக்கழிப்பும் வந்தது.

யோவான் தம் முதலாம் நிருபத்தை எழுதியதன் நோக்கம், விசுவாசிக்கிறவர்கள் தங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று அறிய வேண்டும் என்பது (5:13). அந்த அறிவின் ஆதாரமாக அவர் காட்டுவது தேவன் தம் குமாரனைக்குறித்துக் கொடுத்த சாட்சியை. நம் உணர்ச்சியின் ஏற்ற இறக்கத்தை அல்ல. பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பன், 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று கண்ணீரோடு சொன்னபோது, இயேசு அவனுடைய விசுவாசத்தை அளந்து பார்க்கவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். இரவெல்லாம் நோயாளிகளைக் கவனித்துவிட்டு வருபவர் தூங்குவது பாவமன்று. தூங்கி எழுந்து ஒரு சங்கீதம் வாசியுங்கள்.

கேள்வி (பெயரும் இடமும் குறிப்பிடாதவர்): பல வாரங்களாகப் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. உயிரோடு இருந்து பயனில்லை என்று தோன்றுகிறது. விசுவாசம் குறைந்துவிட்டது, உபவாசம் இரு என்கிறார்கள்.

பதில்: இதைப் பார்த்தவுடனேயே உங்களுக்குத் தனியாகவும் எழுதினேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். இப்போதே 1767 என்ற எண்ணை அழையுங்கள். தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பில் இரவு பகல் எந்நேரமும் பேசுவதற்கு ஆள் உண்டு. உயிருக்கு ஆபத்தான நிலையென்றால் 995. பிறகு உங்கள் வட்டாரத்துப் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள்; கூட வருவதற்கு ஒருவரைக் கேளுங்கள். உபவாசம் இருக்க வேண்டாம்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டபோது, அவனுடைய விசுவாசத்தைக்குறித்து ஒரு கண்டனமும் வரவில்லை. தூதன் அவனைத் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அவன் சாப்பிட்டு மறுபடியும் தூங்கினான். இரண்டாம் முறையும் அப்படியே நடந்தது. கர்த்தர் அவனோடு பேசியது அதற்கெல்லாம் பிறகு, ஓரேபில். சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிறது, அதுவும் ஜெபம். இவரிடம் விசுவாசக் குறைவு என்று சொன்ன சபையார் 1 இராஜாக்கள் 19ஐ வாசிக்கும்படி அன்போடும் கண்டிப்போடும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (ஒரு கத்தோலிக்கச் சகோதரி): செபமாலை செபிக்கும்போது மனம் அலைபாய்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இதில் வழிகாட்டும் தகுதி உங்கள் பங்குத்தந்தைக்கே உண்டு. ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து மாதா ஆலயத்தில் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி (மூவர்): பதவி உயர்வுக்கும், வீடு வாங்குவதற்கும், எடை குறைப்பதற்கும், 'என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்ற பிலிப்பியர் 4:13ஐ அறிக்கையிடலாமா?

பதில்: முன்னும் பின்னும் வாசியுங்கள் என்று இன்று எத்தனை முறை எழுதிவிட்டேன்! பவுல் அதைக் காவலில் கட்டுண்டிருந்தபோது எழுதினார். முந்தைய வசனத்தில், தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் தாம் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். பதவி உயர்வு கிடைக்காத நாளில் அந்த வசனத்தைச் சொல்லிப்பாருங்கள். அது எதற்காக எழுதப்பட்டதோ அந்த இடத்தில் இருக்கும்.

கேள்வி (பொங்கோலிலிருந்து ஜூரோங்கிற்கு வேலைக்குச் செல்பவர்): ரயிலில் மட்டுமே எனக்கு நேரம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சங்கீதப் புத்தகத்தில், முதலாம் சங்கீதத்திலிருந்து வரிசையாக. பிடித்ததை மட்டும் தெரிந்தெடுக்காதீர்கள். ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் காலை மாலையாக 30 நாளுக்குப் பகுத்திருக்கிறது. உங்கள் பயணமும் காலை மாலைதான் என்பதால் அது பொருந்தும். அவ்வளவு முடியாவிட்டால் நாளுக்கு ஒன்று. நிற்க மட்டுமே இடம் கிடைக்கும் நாளில், முந்தைய நாள் வாசித்ததில் ஒரு வரியை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு செல்லுங்கள். சங்கீதம் முடிந்ததும் மாற்கு சுவிசேஷத்துக்கு வாருங்கள், 16 அதிகாரங்கள்தான்.