ஊட்டிக்கு 5 ஸ்டார் ஏசி தேவையா?

கேள்வி: லவ்டேலில் வீட்டோடு ஒட்டிய இரண்டு அறைகளை டூரிஸ்ட்டுகளுக்கு விடுகிறோம். ராத்திரி எல்லோரும் ஹீட்டர் கேட்கிறார்கள், கரண்ட் பில் எகிறுகிறது. 'ஹாட் அண்ட் கோல்டு' ஏசி வாங்குங்கள், அதிலும் 5 ஸ்டார்தான் மிச்சம் என்கிறார் கடைக்காரர். 3 ஸ்டாரைவிடப் பத்தாயிரம் கூடுதல். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, லவ்டேல்

பதில்: ஏசி வாங்குங்கள், ஆனால் ஸ்டாருக்காக அந்தப் பத்தாயிரத்தைக் கொடுக்காதீர்கள்.

ஸ்டார் போடுவதற்கு அடிப்படை ஐஎஸ்இஇஆர் என்ற எண். வெளியே 24 முதல் 43 டிகிரி வரை வெயில் இருக்கும்போது, வருஷத்துக்கு 1600 மணி நேரம் ஓடி, எவ்வளவு கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. லேபிளில் போட்டிருக்கும் வருஷ யூனிட்டும் அதே 1600 மணி நேரத்துக்குத்தான். உங்கள் ஊரில் சித்திரையிலேயே வெளியே 24ஐத் தாண்டுவது பெரும்பாடு, இதில் குளிரூட்ட எங்கே ஓட்டப்போகிறீர்கள்? மேட்டுப்பாளையத்தில் வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு 5 ஸ்டார் என்று சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு வேண்டியது சூடு, அது ஸ்டார் கணக்கில் வரவே வராது. அதனால் கடையில் ஸ்பெசிஃபிகேஷன் தாளை வாங்கி, ஹீட்டிங் கெபாசிட்டி எத்தனை வாட், அதற்கு இழுக்கும் கரண்ட் எத்தனை வாட் என்று பாருங்கள், முதலாவதை இரண்டாவதால் வகுத்து 3க்கு மேல் வந்தால் நல்ல மெஷின். 2000 வாட் ஹீட்டர் நாலு மணி நேரத்தில் 8 யூனிட் தின்னும், அதே சூட்டை இது மூன்று யூனிட்டுக்குள் தந்துவிடும், ஏனென்றால் இது சூட்டை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருப்பதை உறிஞ்சி உள்ளே தள்ளுகிறது. வெளியே குளிர ஆரம்பித்தால் அந்த 3 குறையும், ஆனாலும் ஹீட்டரைவிட லாபம்தான். வெளியே எத்தனை டிகிரி வரை ஹீட்டிங் வேலை செய்யும் என்பதையும் கட்டாயம் கேளுங்கள், சில மாடல்கள் உங்கள் மார்கழிக்குத் தாங்காது.

அப்புறம் உறைபனி. வெளி யூனிட்டின் தகடுகளில் வெள்ளையாகப் பனி படியும், மெஷின் அதைத் தானே உருக்கிக்கொள்ளும், அந்தச் சில நிமிஷம் அறைக்குச் சூடு வராது. ரிப்பேர் என்று விருந்தினர் பயப்படுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உருகிய தண்ணீர் வடிய யூனிட்டுக்கு அடியில் இடம் விட்டு ஸ்டாண்டில் மாட்டச் சொல்லுங்கள், தரையோடு வைத்தால் அது அங்கேயே தேங்கி ராத்திரியில் கட்டியாகிவிடும்.